ஆட்டோமேட்டிக் ஐஎஸ்300-இல் மேனுவல் கியர்பாக்ஸும் டர்போவும்: எதை முதலில் செய்வது?

நேர்வரிசை_ஆறு:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2003ஆம் ஆண்டு லெக்சஸ் ஐஎஸ்300, வலப்புற ஸ்டியரிங் கொண்டது. 2ஜேஇசட்-ஜிஇ என்னும் 3 லிட்டர், நேர்வரிசை ஆறு சிலிண்டர் இன்ஜினும், அதன் பின்னால் ஏ650இ என்னும் ஐந்து வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் இருக்கின்றன. இன்ஜின் ஆயில் குடிப்பதில்லை, தேவையற்ற சத்தமும் இல்லை, பாடியில் எங்கும் துரு ஏறவில்லை. இந்த வண்டியை விற்றுவிட்டு வேறொன்று வாங்குங்கள் என்று பலரும் சொல்லிவிட்டார்கள். ஆனால் அதற்கு எனக்கு மனம் வரவில்லை; இதையே வேண்டிய வடிவுக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

என் விருப்பம் இரண்டு. ஒன்று, ஆட்டோமேட்டிக்கைக் கழற்றிவிட்டு மேனுவல் கியர்பாக்ஸ் பொருத்துவது. மற்றொன்று, குறைந்த பூஸ்டில் (கூடுதல் காற்றழுத்தத்தில்) ஒரு டர்போ சேர்த்து, இப்போதுள்ள 215 குதிரைத்திறனை ஏறத்தாழ 300க்கு உயர்த்துவது. பந்தயத்துக்கு அல்ல, அன்றாடம் ஓட்டுவதற்கே. ஒரு பட்டறையில், இன்ஜினும் கியர்பாக்ஸும் எப்படியும் வெளியே வரப்போகின்றன, ஆகவே இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்கிறார்கள். வேறொரு மெக்கானிக், இரண்டையும் ஒருசேரத் தொட்டால் வண்டி பட்டறையிலேயே கிடக்கும் என்று எச்சரிக்கிறார். இந்த மாடலின் மேனுவல் வண்டிகளில் வந்த டபிள்யூ55 போதுமா, வேறு கியர்பாக்ஸ் தேட வேண்டுமா? 10.5:1 அழுத்த விகிதமுள்ள (சிலிண்டரில் கலவை 10.5 மடங்கு நெருக்கப்படும்) இந்த இன்ஜினில், உள்ளே எதையும் மாற்றாமல் டர்போ வைக்கலாமா? இவற்றைச் செய்து பார்த்தவர்கள் விரிவாகச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

கிளட்ச்தட்டு:

நண்பரே, முதலில் கியர்பாக்ஸ், அது சரியாக ஓடி அடங்கிய பிறகு டர்போ. ஆனால் கியர்பாக்ஸ், கிளட்ச், அதன் ஹைட்ராலிக் குழாய் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கும்போது டர்போ ஏற்கெனவே வண்டியில் இருப்பதாகவே எண்ணிக்கொள்ளுங்கள். வேலையைத்தான் இரண்டாகப் பிரிக்க வேண்டும். திட்டத்தைப் பிரிக்கக் கூடாது.

பிரிக்கச் சொல்வதற்குக் காரணம், கோளாறு வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடிய வேண்டும் என்பதே. புதிய கிளட்ச், புதிய புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கம் விசை கொண்டுபோகும் தண்டு), புதிய வயரிங், புதிய ஈசியு (இன்ஜினை ஆளும் கணினி), புதிய டர்போ ஆகிய எல்லாமே ஒரே நாளில் உயிர்பெறும் வண்டியில் ஓர் அதிர்வு தோன்றினால், அது ஷாஃப்ட்டின் கோணத்தால் வந்ததா, ஃப்ளைவீல் சமநிலையால் வந்ததா, பூஸ்டில் ஒரு சிலிண்டர் தவறுவதால் வந்ததா என்று பிரித்தறிவது மிகவும் கடினம். கியர்பாக்ஸை மட்டும் மாற்றி, 500 முதல் 800 கிலோமீட்டர் வரை நகரப் போக்குவரத்தில் நிதானமாக ஓட்டிக் கிளட்ச்சைப் படியவைத்த பிறகு, மேனுவல் பக்கம் ஐயத்துக்கு இடமில்லாமல் ஆகிவிடும். அதன் பின் டர்போவில் வரும் கோளாறு டர்போவின் கோளாறாக மட்டுமே இருக்கும்.

இனி கியர்பாக்ஸ் எது என்ற கேள்வி. உங்கள் இன்ஜினின் உச்ச முறுக்குவிசை ஏறத்தாழ 295 நியூட்டன் மீட்டர். டபிள்யூ55 அந்த அளவுக்குத்தான் தரப்பட்டது. 5,800 சுழற்சியில் 300 குதிரைத்திறன் வேண்டுமென்றால் அந்த இடத்தில் ஏறத்தாழ 370 நியூட்டன் மீட்டர் இருக்க வேண்டும். அதற்குக் கீழான சுழற்சிகளில் உச்சம் 400ஐத் தாண்டும். கியர்பற்களை உடைப்பது குதிரைத்திறன் அல்ல, முறுக்குவிசைதான். அதிலும் உயர்ந்த கியரில், குறைந்த சுழற்சியில், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும் பழக்கம் இருந்தால் டபிள்யூ55 நெடுநாள் தாங்காது. மென்மையாக ஓட்டுபவர்களிடம் அது பிழைத்திருக்கிறது என்பது உண்மைதான். இருந்தாலும், இதே கழற்றும் வேலையை மறுபடி செய்ய விருப்பமில்லையென்றால் அதைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

இந்த இன்ஜின் குடும்பத்துக்கு நெருக்கமான மாற்று ஆர்154. மூன்றாம் தலைமுறை சூப்ராவின் 7எம்-ஜிடிஇ இன்ஜினுக்கும், 1ஜேஇசட்-ஜிடிஇ கொண்ட செடான்களுக்கும் டொயோட்டா பொருத்திய ஐந்து வேக கியர்பாக்ஸ் அது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சூப்ராவிலிருந்து கழற்றிய ஆர்154உடன் வரும் 7எம் பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸை இன்ஜினோடு இணைக்கும் மணிவடிவ உறை) உங்கள் பிளாக்கில் பொருந்தாது. 1ஜேஇசட்டுக்கான பெல் ஹவுசிங் நேரடியாகப் பொருந்தும். பழைய கியர்பாக்ஸ் வாங்கும்போது இரண்டாவது, மூன்றாவது கியர்கள் உரசாமல் விழ உதவும் சின்க்ரோ வளையங்களைத் திறந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். நிசான் 350இசட்டின் ஆறு வேக சிடி009ஐ அடாப்டர் தட்டு வைத்துப் பொருத்துபவர்களும் இருக்கிறார்கள். வலிமையில் அதற்குக் குறையில்லை. ஆனால் கியர் கம்பி வரும் இடம், டனல் வெட்டு, கிராஸ்மெம்பர், ஷாஃப்ட் நீளம் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். 300 குதிரைத்திறனுக்கு ஆர்154 தாராளமாகப் போதும்.

பாகங்களைத் தனித்தனியாகச் சேர்ப்பதைவிட, விபத்தில் சிக்கிய ஒரு மேனுவல் வண்டியிலிருந்து பெடல் தொகுதி, மாஸ்டர் சிலிண்டர், கிளட்ச் சுவிட்ச், கியர் கன்சோல், ரிவர்ஸ் லைட் வயர்கள், மிதிப்பலகை சிறிதான பிரேக் பெடல் ஆகியவற்றை மொத்தமாக எடுத்துவிடுவது நல்லது. பெரிய பாகங்கள் எப்படியும் கிடைத்துவிடும். வேலையை நிறுத்திவைப்பவை ஒரு போல்ட்டும் ஒரு பேரிங்கும்தான்.

அந்த போல்ட், பேரிங் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டோமேட்டிக்கில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் இருப்பது மெல்லிய ஃப்ளெக்ஸ் பிளேட். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தடித்த ஃப்ளைவீலுக்கு நீளம் போதாதவை. ஃப்ளைவீலுக்குரிய போல்ட்டுகளைப் புதிதாகவே வாங்குங்கள். கிராங்க்கின் நடுத்துளையில் டார்க் கன்வெர்ட்டரின் மூக்கு உட்கார்ந்திருந்த இடத்தில், கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் வரவேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் அது இருக்காது. துளையைத் துடைத்து, அளந்து, பேரிங் சாயாமல் உட்காருகிறதா என்று பார்த்த பிறகே ஃப்ளைவீலை ஏற்றுங்கள். இதை மறந்து கியர்பாக்ஸைப் பூட்டிவிட்டால், கிளட்ச்சை மிதித்தும் கியர் விழாமல் உரசும். சில நாள்களில் இன்புட் ஷாஃப்ட் பேரிங் கத்தத் தொடங்கும். பின்முனை ஆயில் சீலையும் அந்த நேரத்திலேயே மாற்றிவிடுங்கள். அதற்கென்று மறுபடி எல்லாவற்றையும் இறக்குவது வீண் உழைப்பு.

கியர்பாக்ஸைப் பிளாக்குடன் சேர்க்கும்போது பெல் ஹவுசிங்குக்கும் பிளாக்குக்கும் இடையே விரலகல இடைவெளி நின்று, அதற்குமேல் நகராமல் போவது வழக்கம். அந்த இடைவெளியை போல்ட் முறுக்கி இழுத்து மூடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் கிளட்ச் தட்டின் நடுப்பகுதி வளையும், அல்லது பெல் ஹவுசிங்கின் காது உடையும். கிளட்ச் தட்டு மையத்தில் இருக்கிறதா என்று சீரமைப்புக் கோலால் மறுபடி பாருங்கள். கியர்பாக்ஸை ஒரு கியரில் போட்டு, பின்முனை ஷாஃப்ட்டைக் கையால் சற்றுத் திருப்பினால் பற்கள் வழி கண்டுகொள்ளும். டவல் ஊசிகள் துளைக்குள் இறங்கி, உலோகம் உலோகத்தோடு கையழுத்தத்திலேயே ஒட்டும். அதன் பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.

வயரிங்கில் இரண்டு இடங்கள் முக்கியம். ஆட்டோமேட்டிக்கில் லிவர் ‘பி’யிலோ ‘என்’னிலோ இருந்தால்தான் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகும். கியர்பாக்ஸோடு அந்தச் சுவிட்ச்சும் போய்விடுவதால் இன்ஜின் சுற்றவே சுற்றாது. அந்த இரண்டு வயர்களையும் கிளட்ச் பெடல் சுவிட்ச் வழியாக இணைக்க வேண்டும். வெறுமனே இரண்டையும் முறுக்கிச் சேர்த்துவிட்டாலும் ஸ்டார்ட் ஆகும்தான். ஆனால் கியரில் நிற்கும் வண்டி சாவியைத் திருப்பியதும் பாய்ந்துவிடும் என்பதால் அதைச் செய்யாதீர்கள். இரண்டாவது, லிவர் ‘பி’யில் இல்லாமல் சாவியை வெளியே எடுக்க விடாத பூட்டு. லிவரே இல்லாத வண்டியில் சாவி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டை முறையாக நீக்கியோ, மேனுவல் வண்டியின் இக்னிஷன் உறையை மாற்றியோதான் தீர்க்க முடியும்.

ரேடியேட்டரின் கீழ்த்தொட்டியில் கியர் ஆயில் குளிர்விக்கும் குழாய் முனைகள் இரண்டு இருக்கும். அவற்றை முறையாக மூடிவிடுங்கள்.

கடைசியாக, டர்போவை இப்போதே மனத்தில் வைக்க வேண்டும் என்றேனே, அதற்கு நேரடியான காரணம் ஒன்று. இந்த இன்ஜினில் எக்ஸாஸ்ட் வலப்பக்கம் இருக்கிறது. உங்கள் ஸ்டியரிங்கும் வலப்பக்கம். ஆகவே பிரேக் மாஸ்டர் சிலிண்டர், ஸ்டியரிங் தண்டு, புதிதாக வரப்போகும் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர், அதன் குழாய் எல்லாமே நாளைக்கு டர்போ உட்காரப்போகும் பக்கத்தில்தான் இருக்கும். கிளட்ச் குழாயை இன்று வசதியாகத் தோன்றும் வழியில் கொண்டுபோனால், டர்போ வந்த பின் நெரிசலில் நிற்கும்போது திரவம் கொதித்து, பெடல் தரையோடு ஒட்டிவிடும். ஃபயர்வாலை ஒட்டி, டர்போவின் புகை வெளியேறும் டவுன்பைப்பிலிருந்து இயன்றவரை விலக்கி, உலோகக் குழாயாக, வெப்ப உறையோடு போடுங்கள்.

பூஸ்ட்மானி:

மேலே கிளட்ச்தட்டு எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். டர்போ பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

10.5:1 விகிதத்தில் டர்போ வைக்கலாம். ஆனால் அதற்கு இடம் குறுகலானது. டொயோட்டாவே டர்போவோடு விற்ற 2ஜேஇசட்-ஜிடிஇயின் விகிதம் 8.5:1. அதில் பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஜெட்டுகள் இருந்தன. உங்கள் ஜிஇயில் அவை இல்லை. விவிடி-ஐ (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) கொண்ட ஜிஇயின் கனெக்டிங் ராடுகளும் ஜிடிஇயுடையவற்றைவிட மெலிந்தவை. ‘2ஜேஇசட் எதையும் தாங்கும்’ என்று இணையத்தில் சுற்றும் பேச்சு ஜிடிஇயை வைத்து எழுந்தது. அதை அப்படியே உங்கள் இன்ஜினுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். பிளாக் இரும்பால் ஆனது, கிராங்க் உறுதியானது என்ற அளவில் மட்டும் இரண்டும் உறவு.

0.4 முதல் 0.5 பார் பூஸ்டில் நீங்கள் கேட்கும் 300 கிடைக்கும். அதில் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். 30 டிகிரியில் உள்ளே வரும் காற்றை 1.5 மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், கம்ப்ரஸரின் திறன் 70 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும், வெளியே வரும் காற்று ஏறத்தாழ 83 டிகிரியில் இருக்கும். இந்தச் சூடான காற்றை 10.5 மடங்கு மறுபடி நெருக்கினால், தீப்பொறி தொடங்கிவைத்த சுடர் பரவி முடிப்பதற்கு முன்பே மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். டர்போ இன்ஜின்களில் பிஸ்டனின் வளைய மேடுகளை உடைப்பது பெரும்பாலும் இதுவே. பூஸ்டின் எண்ணிக்கை மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. ஆகவே ‘குறைந்த பூஸ்ட்தானே’ என்று அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை விட்டுவிடாதீர்கள். பம்பருக்குப் பின்னால் நேரடியாகக் காற்று படும்படி ஒரு நல்ல இன்டர்கூலர் இருந்தால் அந்த 83ஐ 45க்கு அருகே இறக்கிவிடலாம்.

தடிமனான உலோக ஹெட் கேஸ்கெட் போட்டு விகிதத்தைக் குறைப்பது பலரும் எடுக்கும் வழி. கணக்கைப் பாருங்கள்: ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 500 கனசெ.மீ., 10.5 விகிதத்துக்கு மேலே மிஞ்சும் இடம் ஏறத்தாழ 52.6 கனசெ.மீ. கேஸ்கெட்டின் தடிமன் 0.7 மி.மீ. கூடினால் அந்த இடம் 4 கனசெ.மீட்டருக்குச் சற்று மேல் பெருகி, விகிதம் 9.8க்கு இறங்கும். 9.0 வேண்டுமென்றால் 1.6 மி.மீட்டருக்கும் அதிகமாகத் தடித்தாக வேண்டும். அவ்வளவு தூரம் போகாதீர்கள் என்பேன். பிஸ்டன் மேலே வரும்போது அதன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் இடையே கலவை நசுங்கிச் சுழல்வதும் நாக்கிங்கைத் தடுக்கும் ஒரு காரணி. இடைவெளியை அளவுக்கு மீறி விரித்தால், விகிதத்தால் பெற்றதில் ஒரு பகுதியை அங்கே இழந்துவிடுவோம். 300 குதிரைத்திறனுக்கும் 0.4 பாருக்கும் உயர் ஆக்டேன் பெட்ரோல் உறுதியாகக் கிடைக்குமானால், ஹெட்டைத் திறக்காமலே நல்ல ட்யூனிங்கோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆக்டேன் உறுதி இல்லையென்றால் கேஸ்கெட் மாற்றுவது தகும்.

எரிபொருளில் சமரசமே கூடாது. 300 குதிரைத்திறனுக்கு, டர்போ இன்ஜின்களுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நுகர்வில், ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 360 கனசெ.மீ. தர வேண்டியிருக்கும்; அதுவும் அதன் திறந்திருக்கும் நேரத்தை 85 விழுக்காட்டில் நிறுத்தினால். உங்கள் இன்ஜினில் இருப்பவை ஏறத்தாழ 330 அளவுள்ளவை. போதாது என்பது தெளிவு. 440 அல்லது 550 அளவுள்ள இன்ஜெக்டர்களும் மணிக்கு 255 லிட்டர் பம்பும் போட்டால் மூச்சுவிட இடம் இருக்கும். எரிபொருள் அழுத்தத்தை மட்டும் ஏற்றிச் சமாளிக்கும் பழைய உத்தி வேண்டாம்.

டர்போவின் ஆயில் திரும்பும் குழாயைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் புதிய டர்போ புகை கக்குகிறது என்று வருபவர்களில் கணிசமானோரின் கோளாறு டர்போவில் இல்லை, அந்தக் குழாயில்தான் இருக்கிறது. ஆயில் உள்ளே அழுத்தத்தோடு போகிறது, ஆனால் வெளியே வரும்போது நுரையாகி, தன் எடையால் மட்டுமே வடிகிறது. எனவே குழாயின் உள்விட்டம் 16 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. டர்போவிலிருந்து சம்ப் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) வரை ஓரிடத்திலும் மேலேறவோ கிடையாகத் தங்கவோ கூடாது. சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே நுழைய வேண்டும். சம்ப்பில் அந்தத் துளையைப் போட்டு முனையைப் பற்றவைப்பதை, கியர்பாக்ஸ் மாற்றத்துக்காக இன்ஜின் வெளியே வரும்போதே முடித்து, ஒரு மூடியால் அடைத்து வைத்துவிடுங்கள். இன்ஜின் உள்ளே இருக்கும்போது இந்த வண்டியில் சம்ப்பைக் கழற்றுவது பெரும்பாடு. துளையிட்ட உலோகத்தூள் உள்ளே விழுந்தால் பேரிங்குகள் போய்விடும். வேலையைப் பிரிப்பதால் நேரும் ஒரே இழப்பையும் இந்தச் சிறு முன்னேற்பாடு ஈடுகட்டிவிடும்.

கன்வெர்ட்டர்:

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். டர்போதான் உங்கள் உண்மையான ஆசை என்றால் ஆட்டோமேட்டிக்கை ஏன் கழற்ற வேண்டும்? இதே ஏ650இயை டொயோட்டா 4 லிட்டர் வி8 கொண்ட லெக்சஸ் எல்எஸ்400இன் பின்னாலும் வைத்தது. அந்த இன்ஜின் 400 நியூட்டன் மீட்டர் தரும். ஆகவே இந்த கியர்பாக்ஸை வலுவற்றது என்று தள்ளிவிட முடியாது. டார்க் கன்வெர்ட்டர், வண்டி நிற்கும்போது இன்ஜினைச் சற்று உயரச் சுழலவிடுவதால் டர்போ விரைவில் அழுத்தம் கட்டும். கியர் மாறும்போதும் ஆக்சிலரேட்டரை விட வேண்டியதில்லை என்பதால் பூஸ்ட் விழாது. வெளியே தனியாக ஓர் ஆயில் கூலர் வைத்து, கியர் ஆயிலைத் தவறாமல் மாற்றிவந்தால், 300 குதிரைத்திறனை இது அமைதியாகச் சுமக்கும். மேனுவலுக்கு ஆகும் செலவையும் உழைப்பையும் ட்யூனிங்கிலும் பிரேக்கிலும் போடலாம் அல்லவா? கூடுதல் விசைக்கு ஏற்ப பிரேக்கை யாரும் இதுவரை குறிப்பிடாதது எனக்கு வியப்பளிக்கிறது. நல்ல பேடுகளும் உயர் கொதிநிலைத் திரவமும் முதல் நாளிலேயே வேண்டும்.

கிளட்ச்தட்டு:

பிரேக் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. நான் எழுதியிருக்க வேண்டியது அது. கியர்பாக்ஸின் வலிமை குறித்தும் உங்களோடு எனக்குச் சண்டையில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இந்த வண்டியில் இன்ஜினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் ஒரே ஈசியுதான் ஆள்கிறது. கியர் மாறும் நொடியில் பற்றவைப்பைப் பின்தள்ளி முறுக்குவிசையைக் குறைப்பதும், உள் அழுத்தத்தை இன்ஜினின் சுமைக்கேற்ப உயர்த்துவதும் அதன் வேலை. டர்போவுக்காகத் தனி ஈசியு வைத்தால் கியர்பாக்ஸ் ஆளில்லாமல் போகும். அதற்கென இன்னொரு கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டும். பழைய ஈசியுவை வைத்துக்கொண்டு இடையில் ஒரு கருவியைச் செருகினால், அந்த ஈசியு காணும் சுமையும் உண்மையான சுமையும் ஒன்றாக இருக்காது. அழுத்தம் போதாமல் உள் கிளட்ச்சுகள் வழுக்கும். முறையாகச் செய்தால் ஆட்டோமேட்டிக்கும் நல்ல தேர்வுதான், ஆனால் அது எளிய வழி அல்ல. மேலும், கேட்டவர் மூன்றாவது பெடலையும் விரும்பித்தானே கேட்டிருக்கிறார்? தன் கையால் கியர் போட்டு ஓட்ட வேண்டும் என்ற ஆசைக்கு எண்களால் பதில் சொல்ல முடியாது.

நேர்வரிசை_ஆறு:

அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஆம், மேனுவல் என் விருப்பத்தின் பாதி. அதை விட்டுவிட முடியாது. ஆர்154ஐத் தேடுவது என்றும், இன்ஜின் வெளியே வரும்போது சம்ப் வேலையை முடித்துவிடுவது என்றும் முடிவு செய்துவிட்டேன். இரண்டு ஐயங்கள் மட்டும் மீதி. மேனுவல் மாற்றிய பின், டர்போ வரும்வரை இடைப்பட்ட காலத்தில் இப்போதுள்ள ஆட்டோமேட்டிக் ஈசியுவிலேயே ஓட்டலாமா? இந்த இன்ஜின் டர்போவுக்குத் தகுதியானதுதானா என்பதை எப்படி உறுதிப்படுத்துவது?

பூஸ்ட்மானி:

முதல் கேள்விக்கு: இன்ஜின் ஓடும், ஆனால் நிம்மதியாக ஓடாது. கியர் மாற்றும் சொலினாய்டுகளைக் காணோம் என்று ஈசியு பிழைக்குறிகளை அடுக்கும், எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பிறகு உண்மையான கோளாறு ஒன்று வந்தாலும் அந்த விளக்கு உங்களுக்கு எதையும் சொல்லாது. ‘பி’, ‘என்’ தகவல் சரியாகப் போகாவிட்டால் ஐடிலும் ஒழுங்காக இருக்காது. மேனுவல் வண்டியின் ஈசியுவை வாங்கிப் போடலாம். ஆனால் பதிவில்லாத சாவியில் ஸ்டார்ட் ஆகவிடாத இம்மொபிலைசர் இருப்பதால் சாவியையும் அதோடு பதிவு செய்ய வேண்டும். சில மாதங்களுக்காக அந்தச் செலவு வேண்டுமா என்று யோசியுங்கள். என் ஆலோசனை, டர்போவுக்காக எப்படியும் வாங்கப்போகும் தனி ஈசியுவை மேனுவல் மாற்றத்தின்போதே பொருத்தி, டர்போ இல்லாத நிலையில் முதலில் ட்யூன் செய்துகொள்வதே. எலக்ட்ரானிக் திராட்டிலையும் விவிடி-ஐயையும் ஆளக்கூடிய ஈசியுவாக இருக்க வேண்டும். இரண்டும் இந்த வண்டியில் உண்டு. காற்று எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரும் நாக்கிங்கைக் கேட்கும் நாக் சென்சாரும் அன்றிலிருந்தே பதிவு செய்யத் தொடங்கினால், நலமாக இருக்கும் இன்ஜின் எப்படி ஒலிக்கிறது என்ற அடிப்படைப் பதிவு உங்கள் கையில் இருக்கும். பின்னால் பூஸ்ட் ஏறும்போது எழும் சத்தம் நாக்கிங்கா, வால்வு சத்தமா என்று அதை வைத்தே பிரிக்க முடியும். டர்போ வந்தபின் முழுச் சுமையில் காற்று எரிபொருள் விகிதத்தை 11.5க்கு அருகே வைத்துத் தொடங்கி, பற்றவைப்பைப் பின்னாலிருந்து முன்னே கொண்டுவரச் சொல்லுங்கள். முன்னாலிருந்து பின்னே அல்ல. ஸ்பார்க் பிளக்கை ஒரு படி குளிர்ந்ததாக மாற்றி, இடைவெளியை 0.7 மி.மீ. அளவுக்குச் சுருக்குங்கள், இல்லையென்றால் பூஸ்டில் தீப்பொறி அணைந்துபோகும்.

இரண்டாவது கேள்விக்கு: இன்ஜினைச் சூடேற்றி, எல்லா பிளக்குகளையும் கழற்றி, திராட்டிலை முழுதாகத் திறந்து, நல்ல பேட்டரியோடு கம்ப்ரஷன் பாருங்கள். ஆறும் ஒன்றுக்கொன்று 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அதோடு நிறுத்தாமல் லீக்டவுன் சோதனையும் செய்யுங்கள். சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி, எங்கே கசிகிறது என்று காதால் கேட்பதுதான் அதன் பயன். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் வளையம், எக்ஸாஸ்ட்டில் சீறினால் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். கசிவு 10 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. ஏதேனும் ஒரு சிலிண்டர் மட்டும் 20ஐத் தாண்டினால், டர்போவுக்கு முன் அந்த இன்ஜினைத் திறந்தே ஆக வேண்டும்.

கிளட்ச்தட்டு:

ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கு அளவெடுக்க அவசரப்படாதீர்கள். இன்ஜின் மவுண்டுகளும் கியர்பாக்ஸ் கிராஸ்மெம்பரும் இறுதியாக முறுக்கப்பட்ட பிறகே, கியர்பாக்ஸின் பின்முனையிலிருந்து டிஃப்ரன்ஷியல் ஃப்ளாஞ்ச் வரை அளக்க வேண்டும். முன்னிணைப்பு உள்ளே நகர 20 முதல் 25 மி.மீ. இடம் விடுங்கள். இரண்டு முனைகளின் கோணத்தையும் டிஜிட்டல் கோணமானியால் பாருங்கள். இரண்டும் ஒரு டிகிரி வேறுபாட்டுக்குள் இணையாக இருந்தால் அதிர்வு வராது. ஷாஃப்ட்டை வெட்டிப் பற்றவைப்பவர் அதைச் சமநிலைப் பொறியில் சுழற்றிப் பார்த்துத் தருபவராக இருக்க வேண்டும். ஆர்154 கைக்கு வந்ததும் அதன் பின்முனை ஸ்ப்லைன்களையும் சின்க்ரோக்களையும் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.